சோறு கொடுப்பதா, கூடப் போவதா?

"ரோட்டோரம் படுத்திருக்கிறவங்களுக்கு ஏதாவது செய்யணும். மாசம் ரெண்டாயிரம் ஒதுக்க முடியும், ஞாயிற்றுக்கிழமை காலையில சும்மாதான் இருக்கேன். எதுல போட்டா உருப்படியா இருக்கும்?" என்று அலுவலகத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். நாலு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் சென்னைதான், அதுவும் சென்ட்ரல், பாரிமுனை, கோயம்பேடு பக்கம். மற்ற ஊர்களில் கொஞ்சம் மாறலாம்.

முதலில் யாருக்கு என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் 'பிளாட்ஃபாரத்தில் இருப்பவர்கள்' என்று நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். வால்டாக்ஸ் ரோடு, என்.எஸ்.சி. போஸ் ரோடு, பிராட்வே பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் உண்டு, பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும், அம்மா நடைபாதையிலேயே அடுப்பு வைத்துக் குழம்பு கூட்டுவார். அவர்களுக்கு நம் சாம்பார் சாதப் பொட்டலம் பெரிய விஷயமே இல்லை. வீடுதான் வேண்டும், அதுவும் வேலைக்குப் போய்வரும் தூரத்தில். இன்னொரு கூட்டம் தனியாள்கள். ஊரில் ஏதோ தகராறு, கடன், குடி, மனைவி போய்ச் சேர்ந்த துக்கம் என்று ஏதோ ஒன்றில் கிளம்பி வந்து, மூட்டை தூக்கியோ கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவியோ பிழைத்து, ராத்திரி கடை வாசலில் படுப்பவர்கள். மூன்றாவது, மனநலம் குன்றி அலைபவர்கள். நாலாவதாக, ஜி.எச். வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வெளியூர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். இவர்களுக்கு ஊரில் வீடு உண்டு, இங்கே இரவு தங்கத்தான் இடமில்லை. இந்த நாலு பேருக்கும் ஒரே உதவி பொருந்தாது.

சரி, எல்லோரும் முதலில் யோசிப்பது சாப்பாடு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பாவின் வருஷ திதி அன்று நூற்றிருபது பொட்டலம் சாம்பார் சாதம் சமையல்காரரிடம் சொல்லி வாங்கி, மாமா பையனோடு வேனில் சென்ட்ரலில் இறங்கினேன். அன்று அமாவாசை. எனக்கு முன்னால் ரெண்டு வண்டி போயிருந்தது, எனக்குப் பின்னால் ஒன்று வந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர்மேல் பிரிக்காத பொட்டலங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, காக்கை கொத்திக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி நான் நீட்டியதை மறுக்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது நாலாவது சோறுப்பா. ராத்திரிக்கு வச்சா ஊசிப்போயிடும். காலுக்கு ஒரு செருப்பு கிடைக்குமா?" அவர் காலைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையைச் சணல் போட்டுக் கட்டியிருந்தார். வேனில் செருப்பு இல்லை, தண்ணீர் பாட்டில்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ என்ன செய்வார்கள் என்றே நான் யோசித்திருக்கவில்லை.

அதற்காகச் சாப்பாடு கொடுப்பது வீண் என்று சொல்லவில்லை. நாளும் நேரமும் பார்த்துக் கொடுக்க வேண்டும். பகலில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று வைத்த விலை பிளாட்ஃபாரத்துக்காரருக்கும் எட்டும் விலை. ஓடியாடிப் பிழைக்கிறவர் பகலில் எப்படியோ வயிற்றைக் கழுவிக்கொள்வார். திண்டாட்டம் யாருக்கென்றால், ராத்திரி பத்து மணிக்கு மேல் லோடு இறக்கிவிட்டு வருகிறவருக்கும், காய்ச்சலில் எழுந்து போக முடியாதவருக்கும், மழை பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் விடாமல் பெய்யும்போது எல்லோருக்கும். அப்புறம் வேலையில்லாத மாதங்கள். மண்டப வேலையை நம்பியிருப்பவர்களுக்கு ஆடியும் மார்கழியும் பஞ்ச காலம், முகூர்த்தமே கிடையாது. ஆடியில் கூழ் கிடைக்கும், கூலி கிடைக்காது. அமாவாசையிலும் தலைவர்கள் பிறந்தநாளிலும் குவிகிற சோற்றில் பாதி மார்கழி மாதத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் போனால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை யாருக்கும் பிறந்தநாள் வருவதில்லை போலிருக்கிறது.

சமைக்கத் தெரியாது, காசும் இல்லை, பைக் மட்டும் இருக்கிறது என்றால் மிஞ்சிய உணவு எடுத்துக்கொண்டு போகிற குழுக்கள் நல்ல வழி. 2014-இல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்', அதே வருஷம் டெல்லியில் ஆரம்பித்துப் பல ஊருக்கும் பரவிய 'ராபின் ஹுட் ஆர்மி' இரண்டும் இந்த வேலைதான் செய்கின்றன. ராபின் ஹுட் ஆர்மி பணமே வாங்குவதில்லை, நேரம்தான் கேட்பார்கள். பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த 'ஐயமிட்டு உண்' குளிர்பெட்டி இன்னொரு மாதிரி: நாம் கொண்டுபோய் வைக்க வேண்டும், வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்வார், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஒரு விஷயம், கல்யாண வீட்டில் தேங்காய் அரைத்துச் செய்த குருமாவை மதியம் மூன்று மணிக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். நம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கத் தயங்குவதை அங்கேயும் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

பொருள் கொடுப்பது பற்றி. பழைய துணி என்றவுடன் எனக்கு 2004 சுனாமிதான் ஞாபகம் வரும். நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்த சட்டைகளும் புடவைகளும் யாரும் சீண்டாமல் மழையில் நனைந்து கிடந்தன. கடலுக்குப் போய்வந்த ஜனங்களுக்கு ஜீன்ஸும் ஸ்வெட்டரும் எதற்கு? துணிதான் கொடுக்கப் போகிறோம் என்றால் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் மாதிரி, வாங்கி, பிரித்து, உதவாததை வேறு பொருளாக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவது மேல். நேரடியாகக் கொடுப்பதானால் புதிதாக வாங்கிக் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளாடை, கைலி, நைட்டி, நாப்கின், ரப்பர் செருப்பு, கொசுவுக்கு முழுக்கப் போர்த்திக்கொள்ள மெல்லிய போர்வை. நம் ஊர் குளிருக்குக் கம்பளி தேவையில்லை, ஆனால் வருஷா வருஷம் யாராவது கம்பளி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஐப்பசிக்கு முன்னால் தார்ப்பாய் கொடுத்தால் நடைபாதைக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. மழை கொட்டி முடித்த பிறகு கொடுப்பதில் பாதிப் பயன்தான். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி. பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு பை அல்லது சின்னப் பெட்டியும் அவசியம், ஏனென்றால் தெருவில் தூங்குகிறவர் தூக்கத்தில் முதலில் தொலைப்பது காகிதங்களைத்தான்.

கையில் காசு கொடுக்கலாமா? குடித்துவிடுவார்கள் என்பது வழக்கமான பதில். சிலர் குடிப்பார்கள்தான், நம் அபார்ட்மெண்ட்டிலும் சிலர் குடிக்கிறார்கள். ஆனால் தெருவில் வாழ்வதற்குச் சில்லறை எவ்வளவு தேவை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணக் கழிப்பறை, குளிக்கத் தனிக் காசு, போன் சார்ஜ் போட டீக்கடைக்காரருக்கு ஏதாவது, பெண்களாக இருந்தால் இதெல்லாம் ரெண்டு மடங்கு. தெரிந்த முகமாக இருந்தால் நான் கொடுக்கிறேன், எதற்கு என்று கேட்பதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்பவர்களுக்கு மட்டும் கொடுப்பதில்லை. குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுவேன்.

நிறுவனத்துக்குப் பணம் அனுப்புவது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுலபமான வழி. சென்னையில் வெகுகாலமாக இயங்கும் பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 1983-இல் வித்யாகர் தொடங்கிய உதவும் கரங்கள், 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் மனநலம் பாதித்து வீதிக்கு வந்த பெண்களுக்காகத் தொடங்கிய தி பான்யன். இவை தவிர மாநகராட்சிக் காப்பகங்களை ஏற்று நடத்துகிற சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நிறைய. பெரிய பெயருக்கா, சின்னதுக்கா என்றால், என் ஓட்டு சின்னதுக்கு. ஆனால் நேரில் போய்ப் பார்த்த பிறகு.

ஒருமுறை பார்க்காமல் அனுப்பி ஏமாந்தேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, ரசீதெல்லாம் சரியாக வந்தது. ஆனால் நான் அனுப்பிய மூவாயிரத்துக்கு ஒரு பேனர் அடித்து, அதில் என் பெயரைப் போட்டு, பத்துப் பதினைந்து முதியவர்களை அதற்குப் பின்னால் உட்கார வைத்துப் படமெடுத்து அனுப்பினார்கள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒரு தாத்தா கேமராவைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை யாரிடமும் காட்டாமல் அழித்தேன். அதிலிருந்து முதல் கேள்வியே, "போட்டோ எடுப்பீங்களா?" என்பதுதான். எடுக்க மாட்டோம் என்று தயங்காமல் சொல்கிற இடத்தில் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

வரிக்கழிவை மனதில் வைத்துக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடைக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடையாது. பழைய முறையிலும் இந்த மாதிரி அறக்கட்டளைகளுக்குப் பொதுவாகக் கொடுத்ததில் பாதிதான் வருமானத்திலிருந்து கழியும். பத்தாயிரம் கொடுத்தால் ஐந்தாயிரம் கழிவு, இருபது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் சுமார் ஆயிரம் ரூபாய். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. வெறும் ரசீது போதாது, நாம் 10பிஇ என்று சொல்லிப் பழகிய நன்கொடைச் சான்றிதழை அவர்கள் பதிவேற்றித் தர வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பணம் கொடுக்கும்போது "ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு" என்று சீட்டு ஒட்டாமல் கொடுப்பது ரொம்ப முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நான் போய்வருகிற காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஆள்கள் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். வடை பாயசத்தோடு வந்துவிடும். ஆனால் சோப்புத் தூள், மோட்டார் ரிப்பேர், மூட்டைப்பூச்சி மருந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால் கூட ஓடுகிற ஊழியருக்கு ஆட்டோ காசு, யாரும் உரிமை கோராமல் இறந்துபோனவரை மின்மயானம் கொண்டுபோகிற செலவு, இதற்கெல்லாம் யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய், எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று நிரந்தரமாகப் போகிற பணம், வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஆறாயிரத்தைவிட அவர்களுக்கு உபயோகம். சம்பளம் எப்போது கொடுக்கலாம் என்று அவர்களால் முன்கூட்டியே கணக்குப் போட முடியும்.

காப்பகம் என்றதும் ஒரு வார்த்தை. 2010 வாக்கில் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. பிறகு மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் அதே கணக்குதான் வந்தது. சென்னையில் மாநகராட்சி இடமும் செலவும் கொடுத்து, அறக்கட்டளைகள் நடத்துகின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி, அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளோடு வந்தவர்களுக்கும் உண்டு. இலவசம். பிறகு ஏன் இன்னும் தெருவில் படுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம் என்று பிரிய மாட்டோம் என்பவர்கள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் லோடு இறக்கப் போகிறவருக்கு ராயபுரத்தில் கட்டில் கிடைத்து என்ன பயன்? தள்ளுவண்டியையும் நாயையும் விட்டு வர முடியாதவர்கள், குடியை விட முடியாதவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் பயம். 1945-ஆம் வருஷத்துப் பிச்சையெடுப்புத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது, 'வண்டியில் ஏத்திட்டுப் போயிடுவாங்க' என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் ஓடுகிறது. சொக்காயில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு யார் வந்து "வாங்க, நல்ல இடம் இருக்கு" என்றாலும் அந்தப் பயம்தான் முதலில் எழுந்து உட்காரும். பத்து நாள் டீ வாங்கிக் கொடுத்துப் பேசி, பதினோராவது நாள் வருவார். அதனால்தான் இந்த வேலையில் நேரம் பணத்தைவிட விலை கூடியது என்கிறேன்.

மனநலம் பாதித்தவரைத் தெருவில் பார்த்தால் நீங்களே கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள், வீடியோவும் எடுக்காதீர்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் நூறாவது பிரிவு அப்படி அலைகிறவரைப் பாதுகாப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் ஸ்டேஷனில் பதில் வேறு மாதிரி வரும். சென்னைக் காவல்துறையே 2021-இல் 'காவல் கரங்கள்' என்று ஒரு மீட்புப் பிரிவைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். வயதானவர் தனியே கிடந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண். நம் வேலை கூப்பிடுவது, அவர்கள் வரும்வரை பக்கத்தில் நிற்பது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். தன்னார்வலராக வருகிறோம் என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். நானும்தான். காப்பகத்துக்குப் போய் முடி வெட்டி விடலாம், கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கலாம், சும்மா உட்கார்ந்து தாயம் ஆடலாம், எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே தட்டுப்பாடு எது என்றால் வேலைநாள் காலை. அரசு அலுவலகமும் ஓ.பி.யும் ஞாயிற்றுக்கிழமை கிடையாதே.

ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயது இருக்கும், அவருக்கே சரியாகத் தெரியாது. முப்பது வருஷம் மண்டபங்களில் பாத்திரம் கழுவியவர். கோயம்பேட்டில் தூங்கும்போது பை போய்விட்டது, பையோடு ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் போயிற்று. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 2023-இல் மாதம் 1,200 ஆக உயர்த்தினார்களே, அதற்கு முதலில் ஆதாரை மீட்க வேண்டும். மையத்துக்குக் கூட்டிப்போனேன். "அழுத்துங்க ஐயா, இன்னும் அழுத்துங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார், மிஷின் ஏற்கவில்லை. அவர் விரலை வாங்கிப் பார்த்தேன். சபீனாவும் தேங்காய் நாரும் முப்பது வருஷம் தேய்த்ததில் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு கோடு இல்லை. ரெண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவை கருவிழியை வைத்துத்தான் எண் கிடைத்தது. விலாசத்துக்குக் காப்பகப் பொறுப்பாளர் சான்று கொடுத்தார், அங்கீகரித்த காப்பகம் என்றால் அது செல்லும். அப்புறம் போன் நம்பர். ஆதாருக்குப் போன் நம்பர் கட்டாயமில்லை என்றாலும், அது இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லா இடத்திலும் ஓ.டி.பி. கேட்கும். சிம் வாங்க ஆதார், ஆதாரைப் பயன்படுத்த சிம் என்று ஒரு வாரம் சுற்றினோம். அவர் தனியாகப் போயிருந்தால் முதல் நாளே "நாளைக்கு வாங்க" என்றதும் திரும்பி வந்து படுத்திருப்பார்.

வாக்காளர் அட்டைக்குக்கூட வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. வீடில்லாதவர் விண்ணப்பித்தால், அவர் எழுதிக் கொடுத்த இடத்தில்தான் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று அந்தப் பகுதி அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்து உறுதி செய்வார், விலாசச் சான்று தேவையில்லை. படிவத்தை நிரப்பி, அந்த அலுவலரை விடாமல் துரத்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனை இதைவிட மோசம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், டாக்டர்களும் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோக, ஸ்கேனுக்குத் தேதி வாங்க, டிரிப் முடிந்ததும் நர்ஸைக் கூப்பிட, கூட ஓர் ஆள் இருப்பார் என்ற கணக்கில்தான் அந்த இடமே ஓடுகிறது. சேர்க்கும்போதே முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" தெருவில் இருப்பவரிடம் சோறு உண்டு, போர்வை உண்டு, இந்தக் கேள்விக்குப் பதில்தான் இல்லை. பெரியவருக்குக் காலில் புண் வந்து கூட்டிப்போனபோது, "நான்தான்" என்றேன். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்கள். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அவர்தான் சொன்னார், "தெரிஞ்ச புள்ள."

ஆக, தோழிக்கு நான் எழுதியது இதுதான். ரெண்டாயிரத்தில் ஆயிரத்தை நேரில் பார்த்துப் பிடித்த ஒரு காப்பகத்துக்கு மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி வைத்துவிடு, எதற்கு என்று கேட்காதே. ஐந்நூறை ஐப்பசிக்குத் தார்ப்பாயும், அவ்வப்போது செருப்பும் கண்ணாடியும் வாங்கச் சேர்த்து வை. மீதியைச் சில்லறையாகப் பர்ஸில் வைத்துக்கொள், தெரிந்த முகங்களுக்கு. சாப்பாடு போட ஆசையாக இருந்தால் மார்கழியில், ராத்திரியில், தண்ணீரோடு போடு. ஞாயிற்றுக்கிழமையை நீயே வைத்துக்கொள், அதற்குப் பதில் மாதத்தில் ஒரே ஒரு வேலைநாள் காலையைக் கொடு.

பெரியவருக்குக் கண்ணில் புரை. அடுத்த புதன்கிழமை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏழரைக்கே போய் நின்றால்தான் சீட்டு கிடைக்கும். எனக்கு அன்று விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது. காப்பக வாசலுக்கு ஏழு மணிக்கு வர முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தேன். ரெண்டு நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது, அவள் இன்னும் ஏதோ டைப் செய்துகொண்டிருக்கிறாள்.